சிவகாசிப் பிள்ளைகளுக்கு வந்த குச்சிப் பலகை

1. பெட்டிகள் இறங்கிய நாள்

பெட்டிகள் வந்து இறங்கியது ஆனி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. இதை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே டைரியில் குறித்துவிடுவது என் வழக்கம். அடுத்த வருஷத்துக் காலண்டரை ஆடிப்பெருக்கன்றே கையில் கொடுத்துவிடும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நாள் தெரியாமல் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அப்போது நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய பாலர் மையத்துக்கு நான் பொறுப்பாளர். வீடு விருதுநகரில், தினமும் முதல் பஸ். பட்டாசு, தீப்பெட்டி கம்பெனிகளுக்குப் போகும் பெண்களின் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள்தான் எங்கள் பிள்ளைகள். எங்கள் மையத்தின் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது நேரம்தான். கம்பெனி வேன் காலை ஏழரைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். மாலை ஆறுக்குக் கொண்டுவந்து இறக்கும். நாங்கள் அந்த வேனுக்கு முன்னால் திறந்து, அந்த வேனுக்குப் பின்னால் பூட்டினோம். மற்ற இடங்களில் பத்துக்குத் திறந்து நான்குக்குள் பூட்டிவிடுவார்கள். காலையில் அம்மா போன பிறகு மையம் திறக்கும்வரை சின்னதை யார் பார்ப்பது? ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் அக்கா. ஒன்பதுக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அவ்வளவுதான், அந்த அக்காவின் படிப்பு முடிந்தது. இப்படி நின்றுபோன பெண்பிள்ளைகளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அந்த வருஷம் எங்களுக்குப் புதிதாக நிதி கொடுத்தவர்கள் சொன்னது இது: வெளிநாட்டு முறைப்படி மையத்தை மாற்றுங்கள்; பொருட்களும் பயிற்சியாளரும் நாங்கள் தருகிறோம்; புரட்டாசியில் ஒருவர் வந்து பார்ப்பார்; திருப்தியாக இருந்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கான பணம் தொடரும். இல்லையென்றால் தீபாவளியோடு நாங்களும் பத்துக்கும் நான்குக்கும் வந்துவிட வேண்டியதுதான்.

பெட்டிகளோடு நிவேதா வந்தார். சென்னையில் படித்தவர். இந்த முறைக்கென்றே வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்தவர். முப்பது வயது இருக்கும். சிவகாசி லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் நான் வருவதற்கு முன்பே வந்து நிற்பார். நல்ல உழைப்பாளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவர்மேல் எரிச்சல்படும் இடங்கள் நிறைய வரும்.

பெட்டிகளைத் திறந்தோம். வழுவழுப்பான மரக்கட்டைகள், உருளைகள், சின்னக் கண்ணாடிக் கூஜாக்கள், தட்டுகள், பூட்டுகள். எதை எந்த அலமாரியில் வைப்பது, எந்தக் கையால் எடுப்பது, பாயை எப்படி விரிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கனத்த கையேடு. அதன் தமிழாக்கத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'குழந்தை தன் வேலையைத் தேர்ந்தெடுக்கும்' என்று இருந்தது. குழந்தையையும் வேலையையும் ஒரே வரியில் எழுதி இந்த ஊர்ச் சுவரில் ஒட்ட முடியாது, கம்பெனி வாசலில்கூட அதை எதிர்த்துத்தான் போர்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். நிவேதா சிரித்துவிட்டு 'செயல்பாடு' என்று மாற்றினார். நான் சொன்னதில் அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

எனக்கு இந்த முறைமேல் பகை கிடையாது. நூறு வருஷத்துக்கும் முன்னால் ரோம் நகரத்தில், அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் அது தொடங்கியது என்று படித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அங்கிருந்து கிளம்பி, பணக்காரப் பள்ளிக்கூடங்களையெல்லாம் சுற்றி, காட்டலாக்கும் விலைப்பட்டியலுமாக மாறி, மறுபடியும் கூலிக்காரர் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு எங்கள் முகம் அடையாளம் தெரியவில்லை. என் குறையெல்லாம் அதுதான்.

2. அரிசியும் குழாயும்

முதல் செயல்பாடு, ஒரு கூஜாவிலிருந்து இன்னொரு கூஜாவுக்கு அரிசியை ஊற்றுவது. பிள்ளைகள் ஆசையாக ஊற்றினார்கள். பாதி கூஜாவில், பாதி தரையில், தரையில் விழுந்ததன்மேல் கால்கள். எங்கள் உதவியாளர் சுப்புத்தாய், சமையலும் அவர்தான், சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், சோத்து அரிசிய மிதிக்கிறாக பிள்ளைக."

கண்ணுக்கும் கைக்கும் ஒருங்கிணைப்பு வருவதற்கு இது எவ்வளவு முக்கியம் என்று நிவேதா பொறுமையாக விளக்கினார். சுப்புத்தாயும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க மேடம். அப்ப மத்தியானத்துக்கு எத வடிக்க?"

அரிசி போய் மணல் வந்தது. மணலோடு எறும்பும் வந்தது. இரண்டு நாள் எறும்புக்கடிக்கு எண்ணெய் தடவியதில் போனது.

அடுத்தது, பிள்ளைகளைப் பாராட்டக் கூடாது என்ற விதி. 'சமத்து', 'தங்கம்' என்றெல்லாம் சொல்லாமல் 'நீ ஊற்றி முடித்துவிட்டாய்' என்று நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். பாராட்டுக்காகச் செய்யும் பழக்கம் வந்துவிடக் கூடாதாம். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் வாரம் முடிவதற்குள் தர்ஷினி என்ற நாலு வயதுப் பெண் சுப்புத்தாயிடம் போய், "டீச்சருக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்று மாலை பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்கு மனது ஆறவில்லை.

பிறகு குழாய். வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருட்களைப் பிள்ளைகள் இஷ்டம்போல அடுக்கி விளையாட வேண்டும் என்று ஒரு பாடம். அட்டைக் குழாய், மூடி, பெட்டி எதுவானாலும் கொண்டுவாருங்கள் என்று நிவேதா சொல்லி அனுப்பினார். மற்ற ஊர்களில் அட்டைக் குழாய் என்றால் என்ன வருமோ தெரியாது. எங்களுக்கு மறுநாள் காலையிலேயே சாக்குப்பையில் வந்து இறங்கியது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நீளம். எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள் என்று நிவேதா வியந்துகொண்டிருந்தபோதே நான் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது. சுப்புத்தாய் என் கையிலிருந்ததைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சாக்கைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார்.

கம்பெனியில் கழித்துப்போட்ட பட்டாசுக் குழாய் அது, உதிர்ந்தது வெடிமருந்து என்று நான் விளக்கிய பிறகு நிவேதா வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள். பக்கத்து மேஜையில் இருந்த என்னிடம் கேட்டிருக்கலாம்.

3. காலண்டர் அளவில் ஐந்து படங்கள்

வந்த பொருட்களிலேயே பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது குச்சிப் பலகை. ஒரு சதுரப் பலகையில் வரிவரியாகச் சின்னத் துளைகள். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய மெல்லிய வண்ணக் குச்சிகள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் ஒரு குச்சியை எடுத்து ஒரு துளையில் செருக வேண்டும். பென்சில் பிடிப்பதற்கு அந்த மூன்று விரல்களும் பலப்படும். காட்டலாக்கில் நீலக்கண் குழந்தை ஒன்று அதைச் செய்துகொண்டிருந்தது.

இதைப் படிப்பவர்களில் வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்குவது என்று ஒரு வேலை உண்டு. மருந்தில் முக்குவதற்கு முன், வெறும் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிவரியாக அடுக்குவது. இப்போது பெரும்பாலும் மெஷின் செய்கிறது. ஒரு காலத்தில் பிள்ளைகள் செய்தார்கள். எங்கள் மையத்து அம்மாக்களில் பலர் அந்தப் பிள்ளைகள்தான்.

நிதி கொடுத்தவர்கள் மாதாமாதம் 'முன்னேற்றம்' கேட்டார்கள். பிள்ளையை ஒரு நாளெல்லாம் கவனித்து எழுதினால் அது அவர்களுக்கு முன்னேற்றம் இல்லை, எண் வேண்டும். அதோடு, பிள்ளைகள் செய்வதைப் படம் எடுத்துச் சுவரில் வைப்பது என்று இத்தாலியின் வேறோர் ஊரில் தோன்றிய பழக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து நிவேதா ஐந்து படங்கள் தயார் செய்தார். வேறு ஊராக இருந்தால் சின்னதாகப் பிரின்ட் போட்டு முடித்திருப்பார்கள். இது சிவகாசி. லாட்ஜுக்கு எதிரிலேயே ஆஃப்செட் பிரஸ். ஆர்ட் பேப்பரில், காலண்டர் அளவில், பளபளவென்று அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

ஆடி கடைசிச் சனிக்கிழமை மாலை பெற்றோர் கூட்டம். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அம்மாக்கள் நல்ல முகத்தோடு வருவார்கள் என்று நாளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வேனிலிருந்து இறங்கி நேராக வந்தார்கள். டீயும் வடையும் வைத்திருந்தோம்.

உள்ளே நுழைந்த முதல் சுவரிலேயே படங்கள். ஐந்து பிள்ளைகள் சம்மணமிட்டு வரிசையாக, தலை குனிந்து, குச்சி செருகிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கொட்டை எழுத்து: 'தர்ஷினி, நான்கு வயது. நூறு குச்சிகள். பதினைந்து நிமிடங்கள்.'

யாரும் உட்காரவில்லை. நிவேதா கவனம், ஒருமுகப்படுதல் என்று பேச ஆரம்பித்தார். தர்ஷினியின் அம்மா பேச்சியம்மாள், ஒரு பட்டாசு கம்பெனியில் பாக்கிங் பார்ப்பவர், படத்துக்குப் பக்கத்தில் போய் அந்த வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தாம்மா," என்றார் நிவேதா. "உங்க பொண்ணுதான் இங்கே ஃபர்ஸ்ட்."

பேச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். வடை அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிள்ளைகள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்தச் சுவரை யாரோ செல்லில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. புதன்கிழமை ஜீப் வந்தது. இறங்கிய தொழிலாளர் துறை அதிகாரி மரியாதையானவர்தான். உட்காரும் முன்பே கேட்டார்: "எந்த மேச் கம்பெனிக்கு ஆர்டர் எடுத்திருக்கீங்கம்மா?"

பலகையைக் கையில் கொடுத்தேன். இத்தாலி, ரோம், மூன்று விரல் எல்லாம் சொன்னேன். அவரும் சிவப்பில் இரண்டு, பச்சையில் ஒன்று செருகிப் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்றது புரியுது. ஆனா இந்த ஊர்ல இது வேணாம்மா, எடுத்து உள்ள வைங்க," என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். நிவேதாவிடம் நான் ஒரு மாதமாகச் சொல்ல நினைத்ததை அவர் ஒரு டீயில் சொல்லிவிட்டார்.

4. வேன் நிற்கும் இடம்

அன்று மதியம், பள்ளிக்கூட நேரத்தில், ரேஷன் கடைக்குப் பக்கத்துக் குடிதண்ணீர்க் குழாயடியில் மகேஸ்வரியைப் பார்த்தேன். பேச்சியம்மாளின் மூத்த பெண். ஆறாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி என்று அவள் டீச்சரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இடுப்பில் தர்ஷினி, காலடியில் இரண்டு குடம். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டதற்குத் தங்கையைக் காட்டினாள்.

எதற்காக இந்த மையத்தை நடத்துகிறோமோ அது கண்ணுக்கு முன்னாலேயே கவிழ்ந்து கிடந்தது. மறுநாள் காலை வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். தீபாவளி லோடு ஏறும் சீசன். ஒருநாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அதனால் பெண்கள் எல்லோரும் நேரத்துக்கு முன்பே நின்றார்கள்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டீகளா டீச்சர்?" என்றார். சண்டையிலும் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

"மகேசு ஏன் பள்ளிக்கூடம் போகல?"

"சின்னவள யாரு பாப்பா?"

"மையம் தொறந்துதான இருக்கு."

"தொறந்திருக்கட்டும்."

விரலுக்குப் பலம், பென்சில் பிடிக்கும் பயிற்சி என்று நான் ஆரம்பித்தேன். எனக்கே நிவேதாவின் குரல் போலக் கேட்டது.

"பென்சில் புடிக்கத்தானா?" என்றார் பேச்சியம்மாள். "அப்ப பென்சிலக் குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "ஏ பேச்சி, ஒம் மக நூறு அடுக்கியிருக்காளே, சம்பளத்த வாங்கிட்டியா? டீச்சரு குடுக்கத்தான் வந்திருக்காக போல," என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபது வருஷமாக இந்தத் தெருவில் நடக்கிறேன். இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. கோபத்தில் நானும் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்: பிள்ளை விளையாட்டாகக் குச்சியைச் செருகியதற்காக மூத்தவளின் படிப்பை நிறுத்துவது என்ன நியாயம் என்று.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"குச்சிய விடுங்க டீச்சர். வெளயாடுற பிள்ள குச்சியத்தான் எடுக்கும், கல்லத்தான் எடுக்கும். பேருக்கு நேரா நம்பர் போட்டிருக்கீகளே. ஏளு வயசுல எனக்குக் கணக்குப்பிள்ள அப்பிடித்தான் போட்டாரு. பேச்சி, இத்தன கட்டைன்னு. இன்னைக்கும் எம் பேருக்கு நேரா நம்பருதான் நிக்குது. அவ பேருக்கு வேண்டாம்."

வேன் வந்துவிட்டது. டிரைவர், "ஏறுங்கக்கா, அங்கன ஃபோர்மேன் என்னையத்தான் வைவாரு," என்று அவசரப்படுத்தினார். ஏறிப் போய்விட்டார்கள். புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றேன். நியாயம் பேச்சியம்மாள் பக்கம் இருந்தது. நஷ்டம் மகேஸ்வரிக்கு. இந்தக் கணக்கை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

5. அடித்துக்கொண்டே போன பட்டியல்

மையத்துக்கு வந்து நிவேதாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எண்ணுவது இந்த முறையிலேயே கிடையாதாம். பிள்ளை எப்படிச் செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது மட்டும்தானாம். எண் நிதிக்காரர்களின் படிவத்துக்காக. அதை எதிர்த்து இரண்டு முறை மெயில் போட்டுத் தோற்றுவிட்டாராம்.

இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கே மேடம் சொல்றது? நான் வாயைத் திறந்தாலே நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிடுறீங்க."

அது உண்மைதான். இருவருமாகப் படங்களைச் சுவரிலிருந்து எடுத்தோம். பிறகு, குச்சிக்குப் பதிலாக விரலுக்குப் பயிற்சி தரும் வேறொன்றைத் தேட, காட்டலாக்கை நடுவில் வைத்து உட்கார்ந்தோம்.

காகிதத்தைச் சுருட்டுவது என்று முதல் பக்கத்தில் இருந்தது. அது பட்டாசுக் குழாய் என்றேன், பேனாவால் அடித்தார். அட்டையை மடிப்பது. அது தீப்பெட்டி. பசை தடவி ஒட்டுவது லேபிள் வேலை. நூலைத் துளையில் கோப்பது திரி செருகுவதுபோல இருக்கும். தாள்களை வரிசையாக அடுக்குவது காலண்டர் பைண்டிங். வண்ணம் பார்த்துப் பிரிப்பது, பொட்டலம் கட்டுவது, முடிச்சுப் போடுவது, ஒவ்வொன்றுக்கும் எங்கள் தெருவில் ஒரு கூலி விகிதம் இருந்தது. கடைசிப் பக்கம் வரும்போது நிவேதா பேனாவை வைத்துவிட்டார். விரலால் செய்யக்கூடிய எதையும் இந்த ஊர் மிச்சம் வைக்கவில்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருப்பது எங்களுக்கு மட்டும் பீஸ்ரேட் கூலி.

உள்ளேயிருந்து சுப்புத்தாய் குரல் கொடுத்தார்: "ரெண்டு பேரும் காலைலருந்து உக்காந்த எடத்துலயே பொஸ்தகத்தப் பெரட்டிக்கிட்டு இருக்கீக. இங்கன வந்து இந்த முருங்கக்கீரைய உருவுனாலும் ஒரு வேளைக்கு ஆகும்."

எனக்கு இருந்த எரிச்சலில் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். நிவேதா எழுந்து போய் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்திருந்த நாலைந்து பிள்ளைகளும் யாரும் கூப்பிடாமலேயே முறத்தைச் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு காம்பு. சிலர் இலையை உருவினார்கள், சிலர் காம்பையே ஒடித்தார்கள். கொஞ்ச நேரம் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்த நிவேதா, "மேடம், மூணு விரல்," என்றார்.

நான் உடனே குறுக்கே விழுந்தேன். நாளைக்கு மையத்துச் சமையலுக்குப் பிள்ளைகளை ஏவுகிறார்கள் என்று இன்னொரு ஜீப் வரும் என்றேன்.

"அப்போ முதல்ல அம்மாங்ககிட்ட கேட்டுடலாம்," என்றார்.

பெட்டிகள் வந்து இறங்கி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆன பிறகு எங்கள் இருவருக்கும் அது தோன்றியது.

6. கேட்டதும் கிடைத்ததும்

அடுத்த சனிக்கிழமை மாலை இருவரும் வேனடிக்குப் போனோம். படம், சார்ட் எதுவும் கொண்டுபோகவில்லை. கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, வெள்ளிக்கிழமைகளில் மாவு பிசைந்து பிடிகொழுக்கட்டை பிடிப்பது. இதையெல்லாம் பிள்ளைகள் செய்தால் உங்களுக்குச் சம்மதமா என்று நிவேதாவே கேட்டார். பெண்கள் அங்கேயே நின்று பேசி நிபந்தனை போட்டார்கள். பிள்ளை தொட்ட கீரை அன்று மத்தியானம் அந்தப் பிள்ளையின் தட்டுக்கே வர வேண்டும். சீக்கிரம் செய் என்று யாரும் சொல்லக் கூடாது. படம் கூடாது. நம்பர் கூடாது. கூடவே, அஞ்சு வயதுப் பிள்ளைகளுக்குச் சிலேட்டில் எழுத்தும் சொல்லித்தர வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நிவேதா ரொம்ப நேரம் யோசித்தார். ஆசை வராத பிள்ளைக்கு எழுத்தைத் திணிப்பது அவர் படித்த படிப்புக்கு ஆகாது. ஆனாலும் சரி என்றார். நானும் ஒன்று விட்டுக்கொடுத்தேன்: 'சமத்து' என்று சொல்வதைக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன்.

பேச்சியம்மாள் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "பாப்போம்," என்றார்.

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தர்ஷினி வரவில்லை. மகேஸ்வரியின் பள்ளிக்கூடத்துக்கு நானே போய், பெயரை அடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். ஆவணியில் ஒரு நாள் மழை. மழை நாளில் சரக்குக் காயாது. கம்பெனியில் லீவு விட்டுவிடுவார்கள். அன்று பத்து மணி வாக்கில் பேச்சியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பின்சுவர் ஓரமாக உட்கார்ந்தார். பிள்ளைகள் கீரை உருவுவதை, சண்டை போடுவதை, நடுவில் எழுந்து ஓடுவதை, ஒருத்தன் காம்பைக் காதில் செருகிக்கொண்டு ஆடுவதை எல்லாம் சாப்பாட்டு நேரம்வரை பார்த்தார். போகும்போது சுப்புத்தாயிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு மகேஸ்வரி தங்கையை வாசலில் இறக்கிவிட்டாள். யூனிஃபார்மில் இருந்தாள். உடனே வீட்டுக்கு ஓடினாள். பள்ளிக்கூடப் பையை எடுக்கத்தான்.

ஆனால் அதற்குத் தீபாவளிவரைக்கும்தான் உத்தரவாதம். புரட்டாசியில் நிதிக்காரர்களின் ஆள் வந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மாவு பிசைவதை ஓரக்கண்ணால் பார்த்தபடி, பொருட்கள் எங்கே, எண்கள் எங்கே என்றார். நிவேதா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். 'தர்ஷினி இலையை உருவும்போது சுண்டுவிரலை மடித்துக்கொள்கிறாள். பக்கத்துப் பிள்ளைக்கு இளங்காம்பை எடுத்துக் கொடுக்கிறாள்' என்கிற மாதிரி. வந்தவர் இரண்டு பக்கம் படித்தார்.

"நல்லா இருக்கு. இதை எக்செல்ல எப்படிப் போடுறது?"

"போட முடியாது சார்," என்றார் நிவேதா. அவருடைய வேலையும் இதில்தான் இருந்தது.

நான் மகேஸ்வரியைப் பற்றிச் சொன்னேன். இந்தக் காலை நேரம் போனால் அந்தப் பெண் ஆறாவதோடு நின்றுவிடுவாள், அவளைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்றேன். அவர் திரையைக் கீழும் மேலும் நகர்த்தித் தேடிவிட்டு, "அவங்க நம்ம பயனாளி இல்லையே மேடம். வயசு ஜாஸ்தி," என்றார்.

நான் அதிகமாகக் கோபப்படுகிறவள் இல்லை. அன்று பட்டேன். நாலு வயதுப் பிள்ளையின் அக்கா வானத்திலிருந்து குதித்தவளா, ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் நல்லது செய்ய உங்களால் எப்படி முடிகிறது, அந்த முறை தொடங்கிய ஊரில் எண்களைப் பார்த்தா தொடங்கினார்கள் என்று கேட்டேன். சுப்புத்தாய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த மனிதர் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, நிவேதா எழுதிய பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பதில் வந்தது. கூடுதல் நேரம் இன்னும் ஒரு வருஷத்துக்குத் தொடரும். பயன்படுத்தாத பொருட்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த ஆய்வுக்குள் எண் அடிப்படையிலான படிவத்தை நிரப்ப வேண்டும். மூன்றாவது நிபந்தனைக்கு நான் ஓய்வு பெறும்வரை பதில் எழுதவில்லை. எனக்குப் பின்னால் வந்தவரும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன்.

7. ஒரு வெள்ளிக்கிழமை மாலை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் என்னிடம், வெளிநாட்டு முறைகள் நமக்கு ஒத்துவருமா என்று கேட்கிறார்கள். வரும். எந்த நாட்டு முறையும் எந்த ஊருக்கும் வரும். ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், அந்தத் தெருவில் பெரியவர்களுடைய கைகள் எதைச் செய்து பிழைக்கின்றன என்று போய்க் கேளுங்கள். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, எத்தனை செய்தாய் என்று கேட்காதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு சீசன் ஆனது. அதற்குள் ஒரு பெண் மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

பதில் வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கொழுக்கட்டை நாள். ஆறு மணி வேனில் இறங்கி வந்த பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். பண்டிகை லோடு, கை முழுக்கப் பசை காய்ந்திருந்தது. தர்ஷினி உள்ளேயிருந்து இலையில் ஒரு கொழுக்கட்டை எடுத்துவந்து அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். நாலு விரலும் அழுத்தமாகப் பதிந்து, ஒரு பக்கம் பிதுங்கிய கொழுக்கட்டை. பேச்சியம்மாள் நின்றபடியே குனிந்து வாயில் வாங்கிக்கொண்டார்.

"இவளே புடிச்சதா?" என்றார் மென்றுகொண்டே. "எத்தன புடிச்சா?"

"எண்ணல," என்றேன்.

மெல்லுவது நின்றது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பாத்தீகளா டீச்சர்," என்றார், "நானே கேட்டுட்டேன்."